நர்ஸ் வேலையிலிருந்து ஆய்வுக்கு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். 11 வருடம் நர்ஸ் வேலை பார்த்தபின் பொது சுகாதாரத்தில் முதுகலை முடிக்கப் போகிறேன். அடுத்து, சுகாதார அமைப்பில் பாலினச் சமத்துவம் பற்றி முனைவர் பட்டம் செய்ய ஆசை.

சுகாதாரப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள், உயர் பொறுப்புகளிலோ 25 சதவீதம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை. எங்கள் தெருவுக்கு, வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கும் தமிழக அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வருவார். பிரஷர் பார்க்கும் கருவி கட்டைப்பைக்குள் இருக்கும். அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

திருவனந்தபுரத்தில் பொது சுகாதாரப் படிப்பும் ஆய்வும் நடக்கும் அச்சுத மேனன் மையத்துக்கு விண்ணப்பிக்கலாமா, வெளிநாடா? மருத்துவர் அல்லாதவருக்கு அப்புறம் வேலை கிடைக்குமா? வயது 38, இரண்டு பிள்ளைகள். (வீட்டில் "இப்போ எதுக்கு?" என்கிறார்கள், அது தனிக்கதை.) இந்த வழியில் போனவர்கள், முதல் ஆய்வு முன்மொழிவை எப்படி எழுதினீர்கள் என்று மட்டுமாவது சொல்லுங்கள்.