சுருட்டு வைக்க மர அலுமாரி: எந்தப் பலகை நல்லம்?

மரவேலை தெரிந்த அண்ணாமாருக்கு ஒரு கேள்வி. வெளிநாட்டுச் சுருட்டுகள் வைக்கச் சின்னதாக ஒரு அலுமாரி செய்யப் போகிறேன். (புகைக்காதே என்று புத்தி சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.) உள்ளே ஈரப்பதன் 65 முதல் 70 வீதத்துக்குள் நிற்க வேண்டும். மட்டக்களப்பில் அதுதான் கரைச்சல். மார்கழி மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும்; வறண்ட கச்சான் காற்று தொடங்கினால் கதவுப் பலகையே சுருங்கி இடைவெளி விடும்.

வழமையாக உட்பக்கத்துக்கு ஸ்பானிஷ் சீடர் (Spanish cedar) பலகை போடுவார்கள். பெயர்தான் சீடர், உண்மையில் அது மஹோகனிக் குடும்பத்து மரம். அது கிடைக்காவிட்டால் மஹோகனியே போதுமா? தேக்கின் எண்ணெய் வாசம் சுருட்டில் ஏறிவிடும் என்று பயம். வேம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். உள்ளே வார்னிஷ் அடிக்கப் போவதில்லை.

கல்முனை, காத்தான்குடிப் பக்கம் நன்றாகக் காய்ந்த பலகை எங்கே வாங்கலாம்? கதவைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டினால் போதுமா, இல்லை மரத்திலேயே வெட்டு எடுத்துப் பொருத்துவது நல்லமா? அப்புறம், வெப்பநிலை 25 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் புகையிலை வண்டு வேகமாகப் பெருகும். ஏசி இல்லாத வீட்டில் இந்த அலுமாரியை எந்த இடத்தில் வைப்பீர்கள்?