ஸ்புட்னிக், ககாரின், அப்பல்லோ: இன்றைக்கும் மிஞ்சி நிற்பது எது?

முகிலன்: 1957 முதல் 1969 வரை நடந்த விண்வெளிப் போட்டியில் எதன் பலன் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது? புகழ், துணிச்சல் கணக்கு வேண்டாம். என் ஓட்டு நிலவில் கால் வைத்ததற்கு. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

அலைவரிசை: 1957இல் சோவியத் ஏவிய முதல் செயற்கைக்கோள், ஸ்புட்னிக். அந்த 83.6 கிலோ உருண்டையை விட அது போட்ட 'பீப்'தான் முக்கியம். 1 வாட் டிரான்ஸ்மிட்டர், 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள், பேட்டரி மூன்று வாரம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் கையரும் வைஃபன்பாக்கும் அந்த சிக்னலைப் பதிந்தார்கள். நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் நெருங்கும்போது 20 மெகாஹெர்ட்ஸ் சுமார் 500 ஹெர்ட்ஸ் ஏறும். விலகும்போது அதே அளவு இறங்கும். தலைக்கு மேலே போனால் அந்த இறக்கம் செங்குத்தாக இருக்கும், தூரத்தில் போனால் சரிவாக. இந்த ஒரு வளைகோட்டிலிருந்தே சுற்றுப்பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். 1958இல் அதே ஆய்வகத்தின் மெக்ளூர் அதைத் திருப்பிப் போட்டார்: பாதை தெரிந்தால், கேட்பவர் நிற்கும் இடம் கிடைக்குமே!

அப்படிப் பிறந்ததுதான் டிரான்சிட் என்ற செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு. போலாரிஸ் ஏவுகணை சுமந்த அமெரிக்க நீர்மூழ்கிகளுக்காக 1964இல் பயன்பாட்டுக்கு வந்து 1996 வரை ஓடியது. அயனமண்டலம் (வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கு) சிக்னலைக் குழப்புவதால் 150, 400 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை வைத்துப் பிழையைக் கழித்தார்கள். ஜிபிஎஸ்ஸும் இரண்டு அலைவரிசையில்தான் அதைச் செய்கிறது. டிரான்சிட்டின் குறை, அடுத்த செயற்கைக்கோள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கப்பல் நகர்ந்துவிடும், அதன் வேகத்தைத் தப்பாகக் கொடுத்தால் இடமும் தப்பும். ஜிபிஎஸ் ஒரே நேரத்தில் நான்கைப் பிடிப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

பம்பரம்: அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர் 1ஐ யாரும் சொல்லவில்லையே? 1958 ஜனவரி 31, 14 கிலோ, பென்சில் போல நீளமான உடல். நீள அச்சில் பம்பரம் போலச் சுழலவிட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே அது படுத்துக்கொண்டு குட்டிக்கரணம் போட ஆரம்பித்தது. காரணம், பக்கவாட்டில் நீட்டியிருந்த நான்கு வளையும் ஆண்டெனாக்கள். அவை ஆடி ஆடிச் சுழல் ஆற்றலை வெப்பமாக்கின. கோண உந்தம் (சுழற்சியின் உந்தம்) மட்டும் குறையவில்லை. உந்தம் அப்படியே இருக்க ஆற்றல் குறைந்தால், பொருள் தன் மிகப் பெரிய நிலைமத் திருப்புத்திறன் அச்சுக்கே, அதாவது சுழற்றுவதற்கு மிகக் கடினமான அச்சுக்கே, போய்ச் சேரும். வளையாத திண்பொருளுக்கான கணக்கை நம்பியதுதான் தப்பு. சுழலும் செயற்கைக்கோளைக் குட்டையான டிரம் வடிவில் கட்டுவதன் பின்னணி இதுதான்.

அதில் இயற்பியலாளர் வான் ஆலன் வைத்த கெய்கர் கவுண்டர் (கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கருவி) சில உயரங்களில் பூஜ்யம் காட்டியதும் இன்னொரு பாடம். துகள்கள் அளவுக்கு மீறி வந்து கருவி திணறியிருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் 3இல் டேப் ரெக்கார்டர் வைத்த பிறகு உறுதியானது.

நாற்குழல்: ககாரினின் 108 நிமிடத்தை விட அவரைத் தூக்கிய ஆர்-7 ராக்கெட் பெரிது. ஒரே பெரிய எரிகலனில் தீ நிலையாக எரியாமல் அதிர்ந்ததால், எரிபொருளைத் தள்ளும் ஒரே டர்போபம்ப்புக்கு நான்கு சிறிய எரிகலன்களை மாட்டினார்கள். இன்றைய சோயுஸ் ராக்கெட்டின் அடியிலும் எஞ்சினுக்கு அதே நான்குதான்.

முகிலன், உங்கள் அப்பல்லோ 11க்கும் பங்கு உண்டு. அவர்கள் வைத்துவிட்டு வந்த 100 கண்ணாடிப் பட்டகங்களுக்கு மின்சாரமே தேவையில்லை. பூமியிலிருந்து லேசர் அடித்தால் இன்றும் திருப்பி அனுப்புகின்றன. நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுவதை இப்படித்தான் அளக்கிறார்கள்.

முகிலன்: கால்தடத்தை விடக் கண்ணாடி! சரி, அமெரிக்கா 1958இல் ஏவிய குட்டிச் செயற்கைக்கோள் வான்கார்டு 1 எந்தக் கணக்கில்?

அலைவரிசை: சோலார் செல் கணக்கில். 1.47 கிலோதான். பேட்டரி டிரான்ஸ்மிட்டர் 1958 ஜூனில் படுத்தது. சோலார் செல்லில் ஓடியது 1964 வரை பேசியது. உருண்டை இன்னும் மேலேயே சுற்றுகிறது.