அணி இலக்கணம் உங்களுக்கு எங்கே பிடிபட்டது?

வடலி:
ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கும்போது உவமையும் உருவகமும் எனக்கு ஒரே குழப்பம். 'மதிமுகம்' என்றால் மதி போன்ற முகம், உவமைத்தொகை; 'முகமதி' என்றால் முகமே மதி, உருவகம். சொல் இரண்டும் அதேதான், இடம் மட்டும் மாறுகிறது. ரியூசனில் சேர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, "முன்னுக்கு நிக்கிறது எது எண்டு பாரடா" என்பார். பார்ப்பேன். சோதனையில் 'மலரடி'யை உருவகம் என்று எழுதிவிட்டு வருவேன்.

பிடிபட்டது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவித்து வைத்திருந்த ஒரு அம்மா, ஒன்றைத் தூக்கி என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். "தம்பி, தேன் மாதிரி இருக்கும்." விலை கேட்டேன், கூடிப்போச்சு என்று நடந்தேன். பின்னாலிருந்து குரல்: "தேனை வைச்சிட்டுப் போறியளோ?"

'மாதிரி'யையும் காணோம், மாம்பழத்தையும் காணோம்! தேன் என்ற பெயரே பழத்துக்கு ஆகிவிட்டது. 'பாவை வந்தாள்' என்று கொப்பியில் எழுதிய உவமையாகுபெயர் இதுதானே. 'மாம்பழத்தேன்' என்றிருந்தால் உருவகம். நன்னூல் போல, புரைய, ஒப்ப என்று 12 உவம உருபுகளைச் சொல்லிவிட்டுப் 'பிறவும்' என்று ஒரு படலையைத் திறந்து வைத்திருக்கிறது. நம்முடைய 'மாதிரி' அதற்குள்ளால் நுழைந்துவிடும். சரி, திரும்பிப் போய் ஆறு பழம் வாங்கினேன். இரண்டு புளி.

அரியாலைக்காரி:
எனக்குத் தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் போகும்போது மதில்மேல் கொடிகள் 'வாரல்' என்பனபோல் மறித்துக் கை காட்டும். காற்றுக்குக் கொடி ஆடுவது இயல்பு. வராதே என்று தடுப்பதாகச் சொல்வது புலவர் ஏற்றிய குறிப்பு. ஏ.எல். (உயர்தர) வகுப்பில் ரீச்சர் இதை விளக்கியபோது என் காதில் அம்மாவின் குரல்தான் கேட்டது. 1995 ஒக்ரோபர் 30, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு, மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் நோக்கி நடக்கிறோம். நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திருக்கிறேன். ஊர் எல்லையில் பனைகள் காற்றில் அடித்துக்கொண்டு நின்றன. அம்மா நின்று பார்த்துவிட்டு, "போகாதேங்கோ எண்டு சொல்லுது பிள்ளை" என்றார். அவர் சிலப்பதிகாரம் படித்தவர் அல்ல.

கோண்டாவில் பெடியன்:
அக்கா எழுதியதற்குப் பிறகு என்னுடையது சின்ன விசயம்தான். மங்கலமில்லாததை மங்கலச் சொல்லால் சொல்வது, அதாவது 'செத்தார்' என்னாமல் 'துஞ்சினார்' என்பது, மங்கலம் என்று படித்தோமே. போன கிழமை பெரியப்பாவின் மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். 'இறைபதம் எய்தினார்' என்று போட்டு முடிக்க, பக்கத்து வீட்டு மாமி படலையில் நின்று கேட்கிறா: "தம்பி, செத்தவீடு எத்தினை மணிக்கு?"