பிரிட்டனில் வெந்நீர்த் தொட்டி கட்டுப்பாட்டுக் கருவிக்கு அரசு நிதி: விண்ணப்பத்தில் எதைக் காட்டுவது?

கேள்வி:
வீட்டு வெந்நீர்த் தொட்டி சூடாகும் நேரத்தை மாலை மின்தேவை உச்சத்திலிருந்து நள்ளிரவுக்குத் தள்ளும் கருவி இது. மின் பயன்பாட்டு நேரத்தை மாற்றும் தொழில்நுட்பங்களுக்கு பிரிட்டன் அரசு ஒதுக்கிய 6.5 கோடி பவுண்டு ‘ஃப்ளெக்சிபிலிட்டி இன்னோவேஷன் புரோகிராம்’ மாதிரி நிதி அடுத்து வந்தால் எதை முன்வைக்கலாம்?

பதில் 1:
முதலில் நிதி எந்த வகை என்று பாருங்கள். எஸ்பிஆர்ஐ (ஸ்மால் பிசினஸ் ரிசர்ச் இனிஷியேட்டிவ்) என்றால் அது மானியம் இல்லை, அரசு ஆராய்ச்சியை விலைக்கு வாங்கும் ஒப்பந்தம். முழுச் செலவும் கிடைக்கும், காப்புரிமை உங்களிடமே இருக்கும். கருவி, ஸ்மார்ட் மின்சாதனங்களுக்கான பிரிட்டிஷ் தரமான பாஸ் (PAS) 1878-ஓடு பொருந்துவதையும் காட்டுங்கள். ஒரே நிறுவனத்தின் செயலியில் மட்டும் ஓடும் பெட்டிக்குப் பொதுப்பணம் கேட்பது நியாயமும் இல்லை.

பதில் 2:
கணக்கை நேர்மையாகப் போடுங்கள். 200 லிட்டர் தண்ணீரை 40 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற சுமார் 4.65 யூனிட் ஆகும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஒன்றரை மணி நேர வேலை. நகர்த்த முடிவது அவ்வளவுதான். சென்சார் தொட்டியின் அடியில் மட்டும் இருந்தால் மேலே வெந்நீர் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. குளிக்கப் போனவர் உடனே சூடாக்கும் பூஸ்ட் பொத்தானை அமுக்குவார், சேமிப்பு போய்விடும். அந்த அமுக்கல்களையும் பதிவு செய்து அறிக்கையில் சேருங்கள்.

பதில் 3:
ஆயிரம் தொட்டிகள் ஒரே நொடியில் ஆன் ஆனால் கிரிட்டுக்கு (மின் வலையமைப்புக்கு) அதுவே புது உச்சம். மின்சார கார் சார்ஜர்களுக்கு இங்கே 2022 ஜூன் 30 முதல் 600 விநாடி வரை தற்செயல் தாமதம் கட்டாயம். அதையே இங்கும் வையுங்கள். இணையம் அறுந்தால் ஓட வேண்டிய அட்டவணை கருவிக்குள்ளேயே இருக்கட்டும்.