புதுப்பிப்பு: ஏற்றி இறக்கும் மேசை, 8 மாதம் கழித்து

ஆபீஸில் உயரம் மாற்றும் மேசை தந்ததும், "இனி பாதி நாள் நின்றேதான் வேலை" என்று போன முறை எழுதியிருந்தேன். அந்த வேகம் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. குதிகால் வலி வந்தது, மேசை கீழே இறங்கியது, அவ்வளவுதான்.

இப்போது போன் வந்தால் மட்டும் ஏற்றுகிறேன்; நாளைக்கு நாலைந்து முறை, 20 நிமிடம். டைப் செய்யும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரத்தை மெமரி பட்டனில் பதிந்த பிறகுதான் தோள் இறுக்கம் விட்டது. அதுவரை நாலு விரற்கடை கூடுதல் உயரத்தில் நின்றிருக்கிறேன்!

எடை? அப்படியேதான். உட்கார்வதைவிட நிற்பதில் மணிக்குப் பத்து கலோரி கூடச் செலவானாலே பெரிது.

பக்கத்து சீட்டுக்காரர் 2 மாதமாக மேசையை ஏற்றவே இல்லை. கேட்டால், வயரெல்லாம் இழுத்துக்கொள்கிறதாம்.