மேலதிகாரி நல்லவரா இருந்தா போதுமா, விதி வேணுமா?

வைகைக்கரை: பன்னிரண்டு வருஷமா மதுரையில ஸ்டாஃப் நர்ஸ். பழைய இன்சார்ஜ் சிஸ்டர் ரோஸ்டர் போடுறதுக்கு முந்தின நாள் மேஜை மேல ஒரு நோட்டு வைப்பாங்க. யாருக்கு எந்த நாள் ஆஃப் வேணும்னு நாங்களே எழுதுவோம். பையனோட பரீட்சை வாரத்துல எனக்கு நைட் டூட்டி விழுந்ததே இல்ல. புதுசா வந்தவங்ககிட்ட, பையனுக்கு 103 டிகிரி காய்ச்சல்னு சொன்னேன். "வீட்ல வேற யாரும் இல்லையா?"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி ஒவ்வொரு பேஷண்ட் நெத்தியைத் தொடுறப்பவும் பிள்ளை ஞாபகந்தான். அதே வார்டு, அதே சம்பளம். மாறினது இன்சார்ஜ் மட்டும்.

சங்கத்தோழன்: சிஸ்டர், நீங்கள் சொன்னதிலேயே என் பதிலும் இருக்கிறது. அவர் மாறிப் போனதும் நோட்டும் போய்விட்டது. ஒருவரின் நல்ல குணத்தை நம்பி எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? 2017 சட்டத் திருத்தத்தில் பேறுகால விடுப்பு 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் வந்தது. இதெல்லாம் யாருடைய தயவும் இல்லை.

வைகைக்கரை: நாலு தடவை போலாம், சரி சார். நான் போற நேரத்துல ஐ.வி. பாட்டிலை யார் பார்ப்பா? "நீ போயிட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்"னு இன்சார்ஜ் சொன்னாத்தானே கால் நகரும்? அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் முதியோர் பராமரிப்பு நிலையங்கள்ல ஒரு ஆய்வு பண்ணி 2010-ல வெளியிட்டாங்க. ஊழியர் கையில கருவி கட்டி தூக்கத்தை அளந்தாங்க. குடும்ப விஷயத்துல விட்டுக்கொடுக்காத மேலாளருக்குக் கீழ இருந்தவங்க தினம் 29 நிமிஷம் கம்மியாத் தூங்கியிருக்காங்க. இதய நோய்க்கான ஆபத்தும் அவங்களுக்குக் கூடுதல். அவங்களும் எங்களை மாதிரி நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்கிறவங்கதான்.

டீம்லீட்_சோழிங்கநல்லூர்: என் பக்கத்தையும் கேளுங்க. லீவு கொடுக்க மனசு இருக்கு, மாத்தி உட்கார வைக்க ஆள் இல்ல. போன மாசம் ஒருத்தருக்கு லீவு கொடுத்துட்டு ரெண்டு நாள் நான் வீட்டுக்கே போகல. உங்க இன்சார்ஜுக்கும் இதே நெருக்கடி இருக்கலாம்.

சங்கத்தோழன்: அதனால்தான் ஆள் எண்ணிக்கையையும் விதியில் கேட்கிறோம். ஆய்வை மறுக்கவில்லை, சிஸ்டர். அந்த நோட்டையே மருத்துவமனை நடைமுறையாக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

வைகைக்கரை: எழுதித் தரோம், ஒன்பது பேர் கையெழுத்துப் போடத் தயார். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுல இருந்து போன் வந்தா அது எந்த நோட்டுலயும் இருக்காது சார். அப்ப எனக்கு எதிர்ல நிக்கிற மனுஷிகிட்டத்தான் கேட்டாகணும்.