சிபி/எம், டாஸ் இரண்டிலும் வேலை பார்த்தவன் சொல்கிறேன்

ஏ>, பி> என்று திரையில் கட்டளைக்குக் காத்து நிற்கும் குறியெல்லாம் மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் தந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. டிரைவுக்கு எழுத்து, ஃபைலுக்கு எட்டெழுத்துப் பெயர், புள்ளிக்குப் பின் மூன்றெழுத்து, ஃபைல் பட்டியலைக் காட்டும் டிஐஆர் கட்டளை எல்லாமே கேரி கில்டால் எழுதிய சிபி/எம் என்ற இயங்குதளத்தில் முன்பே இருந்தவை. 1974இலேயே அவர் அதை எழுதிவிட்டார்.

1980களின் நடுவில் நான் சேர்ந்த அலுவலகத்தில் இருந்தது சிபி/எம் மெஷின். இசட்-80 பிராசஸர், 64 கேபி மெமரி, இரண்டு ஃபிளாப்பி டிரைவ். வேர்ட்ஸ்டாரில் கடிதம், டிபேஸ் டூவில் சம்பளப் பட்டியல். அந்த 64 கேபிக்குள் அத்தனையும் ஓடியதை இன்றும் வியக்கிறேன்.

ஆனால் ஃபிளாப்பியை மாற்றினால், மாற்றியது சிஸ்டத்துக்குத் தெரிய கண்ட்ரோல்-சி தட்டியாக வேண்டும். தட்டாமல் எழுதப்போனால் ‘பிடாஸ் எர்ர் ஆன் பி: ஆர்/ஓ’ என்று வரும், அதாவது பி டிரைவைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. அப்புறம் எந்தக் கீயைத் தட்டினாலும் புரோகிராம் போய் ஏ> வந்து நிற்கும். சேமிக்காத வேலை அவ்வளவுதான். டிஐஆர் போட்டால் பெயர் மட்டும்தான் தெரியும், தேதி கிடையாது. இரண்டு ஃபிளாப்பியில் ஒரே சம்பளப் பட்டியல் இருந்தால் எது புதுசு? லேபிளில் ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதி வைப்போம். டாஸில் அளவு, தேதி, நேரம் மூன்றும் வரிசையாக வந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி.

டாஸ் ஜெயித்ததற்கு விலையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஐபிஎம் பிசிக்கு பிசி-டாஸ் (ஐபிஎம் தன் பெயரில் விற்ற எம்எஸ்-டாஸ்) 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். உண்மைதான். என்னைக் கேட்டால் ஃபிளாப்பிதான் பெரிய காரணம். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியை ஒவ்வொரு சிபி/எம் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஃபார்மேட் செய்தது. ஒரே சிஸ்டம்தான், ஆனாலும் ஒரு மெஷினில் எழுதியதை இன்னொன்று படிக்காது. டாஸில் 360 கேபி ஃபிளாப்பியை எந்த பிசியில் போட்டாலும் திறக்கும்.

பிசி வந்தபோது பழைய கடிதங்களை சீரியல் கேபிள் வழியாகத்தான் மாற்றினோம். சிபி/எம் ஃபைலின் நீளத்தை 128 பைட் துண்டுகளாகத்தான் கணக்கு வைக்கும். கடைசித் துண்டில் எழுத்து எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் எழுத்து முடியும் இடத்தில் அடையாளமாக கண்ட்ரோல்-இசட் இருக்கும். டாஸும் அதே அடையாளத்தை ஏற்றுக்கொண்டது. ஃபைலைத் திரையில் காட்டும் டைப் கட்டளையை டாஸில் கொடுத்தால் கடிதம் சரியாகக் கையெழுத்து வரியில் நின்றது, பின்னால் ஒரு குப்பை எழுத்துகூட வரவில்லை.